ரூட்டும் டூரும்

யூனிக்ஸ் இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், சண்டை மூட்டிவிட ஒரு கேள்வி போதும்: "ரூட்டுக்கு எந்த ஷெல் வைப்பது?" ஐம்பது வருடமாக நடக்கிற சண்டை இது. காப்பிப் பொடியில் சிக்கரி கலக்கலாமா கூடாதா என்பது மாதிரி வெறும் ருசி விவகாரமாகத்தான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. நடுராத்திரி இயந்திரம் படுத்துவிட்டால் உள்ளே நுழைய ஒரு வாசல் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் விஷயம்.

கணினிப் பக்கமே போகாத நண்பர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். 1969-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது யூனிக்ஸ். "எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்குள் ஓடுவது யூனிக்ஸைப் பார்த்து எழுதப்பட்ட லினக்ஸ். ஐபோன் என்றால் அதற்குள் யூனிக்ஸின் பெர்க்லி கிளையின் ரத்தம் ஓடுகிறது.

இந்தக் குடும்பத்து இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு கெர்னல் உண்டு, ஒரு ஷெல் உண்டு. கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. ஷெல் என்றால் மேல் ஓடு. நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, இன்னது செய்யச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, பருப்பிடம் சொல்லி வேலை வாங்குவது ஓடு. 'ஷெல்' என்ற பெயரை வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்துக்காக அவர் யோசித்தது. கட்டளையைப் புரிந்துகொள்கிற வேலையை இயந்திரத்தின் வயிற்றுக்குள் புதைத்து வைக்க வேண்டாம், மற்ற எல்லா புரோகிராமையும் போல அதுவும் ஒரு சாதாரண புரோகிராமாக வெளியே இருக்கட்டும் என்றார். சின்ன யோசனைதான். ஆனால் அதனால்தான் ஆளுக்கு ஒரு ஷெல் வைத்துக்கொள்ள முடிந்தது. அதனால்தான் இந்தச் சண்டையும் வந்தது.

ரூட் என்பவர் யார்? யூனிக்ஸில் எல்லாப் பயனாளருக்கும் ஓர் எண் உண்டு. பூஜ்யம் என்ற எண் உள்ளவருக்கு எந்தத் தடையும் கிடையாது. யாருடைய கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், இயந்திரத்தையே நிறுத்தலாம். அவர் பெயர் வழக்கமாக ரூட். அதாவது வேர்.

இனி முக்கியமான நுணுக்கம். பயனாளர்கள் பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முக்கால்புள்ளி போட்டுப் பிரித்த ஏழு கட்டங்கள்: பெயர், பாஸ்வேர்ட், எண், குழு எண், முழுப்பெயர், வீடு, கடைசியாக ஷெல். நீங்கள் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்ததும் லாகின் புரோகிராம் செய்வது இவ்வளவுதான்: அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கும் புரோகிராமைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த புரோகிராம் இல்லையென்றால், அல்லது இருந்தும் ஓடவில்லையென்றால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் பயனில்லை. கதவு திறக்கும், உள்ளே தரை இருக்காது. சாதாரணப் பயனாளருக்கு இப்படி ஆனால் ரூட் வந்து சரிசெய்வார். ரூட்டுக்கே இப்படி ஆனால்?

முதல் ஷெல்லை எழுதியவர் கென் தாம்ஸனே. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. மிகச் சிறியது. சாதாரணப் பயனாளர் வந்தால் சதவீதக் குறி காட்டிக் காத்திருக்கும்; ரூட் வந்தால் எண் குறி, அதாவது இரண்டு கோடு குறுக்கே இரண்டு கோடு போட்ட அந்தக் குறி. இன்றுவரை ரூட்டின் அடையாளம் அதுதான். திரையில் அந்தக் குறியைப் பார்த்ததும் விரலை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும் என்று எங்கள் காலத்தில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. போர்ன் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 என்ற மொழியோடு பழகியவர். அந்த ருசியை விடாமல் இங்கேயும் கொண்டுவந்தார். 'இஃப்' என்று தொடங்கியதை அந்தச் சொல்லையே திருப்பிப்போட்டு 'ஃபி' என்று முடிக்க வேண்டும். 'கேஸ்' என்று தொடங்கினால் 'ஈசாக்'. 'டூ' என்று தொடங்கினால் நியாயப்படி 'ஓடி' என்று முடிய வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கட்டளை இருந்ததால் அதை மட்டும் 'டன்' என்று விட்டுவிட்டார்கள். அந்த ஷெல்லை சி மொழியில்தான் எழுதினார், ஆனால் அல்கால் மாதிரி தெரியும்படி வேஷம் கட்டி எழுதியிருந்தார். அதைப் படித்துத் தலை சுற்றிய இரண்டு பேர், வேண்டுமென்றே புரியாதபடி சி மொழியில் எழுதுவதற்கு 1984-ல் ஒரு போட்டியே தொடங்கினார்கள். அது இன்னும் நடக்கிறது.

கேலியை விடுங்கள். போர்ன் ஷெல் நல்ல உழைப்பாளி. இயந்திரம் எழுந்திருக்கும்போது டிஸ்க்கைச் சரிபார்ப்பது, வலையை இணைப்பது, சேவைகளைக் கிளப்புவது என்று வரிசையாக நடக்கும் வேலைகள் எல்லாம் அதன் மொழியில்தான் எழுதப்பட்டன. குறை ஒன்றுதான். உட்கார்ந்து தட்டச்சு செய்கிற மனிதனிடம் அதற்குக் கருணை கிடையாது. அறுபது எழுத்துள்ள கட்டளையில் ஓர் எழுத்து தப்பினால் அறுபதையும் மறுபடி அடிக்க வேண்டும். முன்பு அடித்தது எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது.

அதே நேரத்தில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் பங்குக்கு ஒரு ஷெல் எழுதினார். சி மொழியின் சாயலில் எழுதியதால் சி ஷெல். ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னால் கடற்சிப்பி என்று காதில் விழும்; அந்தச் சிலேடைக்காகவே பெயர் வைத்திருப்பார் என்பது என் எண்ணம். சி ஷெல்லுக்கு ஞாபகசக்தி உண்டு. இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் போன கட்டளை மறுபடி ஓடும். நீளமான கட்டளைக்குச் செல்லப்பெயர் வைத்துக்கொள்ளலாம். வேலை ஒன்றை நிறுத்திப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பெர்க்லி வெளியிட்ட யூனிக்ஸில், அதாவது பி.எஸ்.டி.யில், ரூட்டின் ஷெல்லாக உட்கார்ந்தது சி ஷெல்தான். தங்கள் வீட்டுப் பிள்ளை, தவிர கையால் தட்டச்சு செய்ய வசதியானது. புரோகிராம் எழுதுவதற்கு சி ஷெல் உதவாது என்று டாம் கிறிஸ்டியன்ஸன் பின்னாளில் எழுதிய கட்டுரை மிகப் பிரசித்தம். அவர் சொன்னது சரிதான். ஆனால் ரூட் உட்கார்ந்து கதை எழுதப் போவதில்லை. நாலு கட்டளை அடித்துவிட்டுப் போகப் போகிறார். அதற்கு சிப்பி நன்றாகவே பொருந்தியது.

ஆக ஆரம்பத்திலேயே இரண்டு கட்சி. இயந்திரம் தானே எழுந்து வேலை செய்ய போர்ன் ஷெல், மனிதன் உட்கார்ந்து பேச சி ஷெல். இரண்டுமே இயந்திரத்தோடு கூடப்பிறந்தவை என்பதால் ஆபத்தில்லை. மூன்றாவதாக வெளியிலிருந்து ஒன்று வந்தபோதுதான் ஆபத்து வந்தது. அது புரிய டிஸ்க் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

யூனிக்ஸ் வளர்ந்த முதல் பி.டி.பி.-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைட். டிஸ்க் 512 கிலோபைட். இன்று பேரன் போனில் எடுக்கிற ஒரு புகைப்படம்கூட பெரும்பாலும் அந்த டிஸ்க்கில் கொள்ளாது. இயந்திரம் எழுந்திருக்கத் தேவையானவை மட்டும் முதல் டிஸ்க்கில் இருக்கும், பயனாளர்களின் சொந்தக் கோப்புகள் இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும். புரோகிராம்கள் பெருகப் பெருக முதல் டிஸ்க் நிறைந்து வழிந்து, மிச்சம் இரண்டாவதில் போய் உட்கார்ந்தது. அதனால் புரோகிராம்களுக்கு இரண்டு டைரக்டரி உண்டாயிற்று. முதல் டிஸ்க்கில் 'பின்' என்று ஒன்று. நம் முன்னும் பின்னும் அல்ல, பைனரி என்பதன் சுருக்கம். இரண்டாவது டிஸ்க்கில், 'யூ.எஸ்.ஆர்.' என்பதற்குள்ளே, இன்னொரு 'பின்'.

இடப் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு நாளடைவில் சம்பிரதாயம் ஆனது. எது கெட்டாலும் இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தத் தேவையானது எல்லாம் வேர்ப் பகுதியிலேயே இருக்க வேண்டும். மற்றவை தள்ளி இருக்கலாம். நம் ஊர் வீடுகளில் டார்ச் லைட்டை மாடி அறையில் பூட்டி வைக்க மாட்டோம், கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கும். ரூட்டின் ஷெல் அந்த டார்ச் லைட்.

எண்பதுகளில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல் வந்தது. சி ஷெல்லை மெருகேற்றிய டி-சி ஷெல் வந்தது. 1989-ல் பிரயன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ் வந்தது. அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைகள் வரிசையாக வந்து நிற்கும், கோப்பின் பெயரில் பாதி அடித்தால் மீதியைத் தானே போட்டுக்கொள்ளும். ஒரு தடவை பழகிவிட்டால் கை விடாது. சொந்தக் கணக்குக்கு அதை வைத்துக்கொண்ட நிர்வாகி, ரூட்டாக மாறியதும் பழைய ஷெல்லோடு மல்லுக்கட்டுவானேன் என்று ரூட்டுக்கும் அதையே வைத்துவிடுவார். ஒரு கட்டளைதானே, கை அரிப்பு யாரை விட்டது!

ஆனால் பி.எஸ்.டி. குடும்பத்து இயந்திரங்களில் பேஷ் கூடப்பிறந்தது அல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுவ வேண்டும். அது போய் உட்காரும் இடம் யூ.எஸ்.ஆருக்குள் இருக்கும் 'லோக்கல்' டைரக்டரி. அந்தப் பகுதி தனி டிஸ்க்கிலோ டிஸ்க்கின் தனிப் பிரிவிலோ இருந்து, அது ஒருநாள் ஏறாமல் போனால் ரூட்டுக்கு ஷெல் இல்லை. எந்த நாளில் ரூட் கட்டாயம் தேவையோ அதே நாளில் ரூட் உள்ளே வர முடியாது.

இதற்கு பி.எஸ்.டி.க்காரர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரூட்டைத் தொடாதே, இன்னொரு ஆளை உருவாக்கு என்றார்கள். அவர் பெயர் டூர். ஆங்கிலத்தில் ரூட் என்பதன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் டூர். அதிசயமாகத் தமிழிலும் ஏறக்குறைய அப்படியே வருகிறது பாருங்கள்! 'இஃப்'பைத் திருப்பி 'ஃபி' ஆக்கிய அதே விளையாட்டுப் புத்திதான். பெயர்தான் வேறு, எண் அதே பூஜ்யம். கெர்னல் பார்ப்பது எண்ணை மட்டுமே என்பதால் அதற்கு இருவரும் ஒருவரே. ஆனால் பட்டியலில் வரி தனி, பாஸ்வேர்ட் தனி, ஷெல் தனி. டூருக்கு உங்கள் இஷ்டப்படி எந்த அலங்கார ஷெல் வேண்டுமானாலும் வையுங்கள், தினசரி வேலையை டூராக வந்து பாருங்கள். ரூட் கூடப்பிறந்த ஷெல்லோடு ஆபத்துக் காலத்துக்காகச் சும்மா இருக்கட்டும். ஃப்ரீ-பி.எஸ்.டி.யை நிறுவும்போதே டூரின் வரி பட்டியலில் இருக்கும், ஆனால் பூட்டி வைத்திருப்பார்கள். ரூட்டாக வந்து டூருக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் அவர் உயிர் பெறுவார்.

முழுப்பெயர்க் கட்டத்திலும் குறும்பு உண்டு. அதில் ரூட்டின் பெயர் சார்லி ரூட். சிகாகோ கப்ஸ் அணிக்குப் பந்து வீசிய பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவருக்கும் அதே பெயர். 1932 உலகத் தொடரில் பேப் ரூத் அடித்த பிரசித்தமான ஹோம் ரன்னுக்குப் பந்து போட்டவர் அவர். டூரின் முழுப்பெயர் கட்டத்தில் 'மறுபடி பிறந்த சூப்பர் யூசர்' என்று பொருள்படும்படி, 'பிறந்த' என்ற இடத்தில் போர்னின் பெயரைச் செருகி எழுதியிருப்பார்கள். இயந்திரம் ராத்திரி ராத்திரி அனுப்பும் அறிக்கை மின்னஞ்சல்கள் சார்லி ரூட் பெயரில்தான் வரும். "யார் சார் இந்த சார்லி, தினம் மூணு மணிக்கு லெட்டர் போடறார்?" என்று கேட்ட புது ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

டூர் ஏற்பாட்டை மதிக்காத ஓர் இடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். மின்னஞ்சல் சர்வர் ஃப்ரீ-பி.எஸ்.டி.யில் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுப் போன ஒரு பையன் ரூட்டின் ஷெல்லை பேஷ் ஆக்கிவிட்டுப் போயிருந்தான். மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் ராத்திரி யாரோ வேறு எதற்காகவோ ஒரு பொது நூலகக் கோப்பைப் புதுப்பித்தார்கள். பேஷ் அந்தக் கோப்பின் பழைய பதிப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

காலையில் சர்வரின் டிஸ்க் பிரிவு ஒன்று நிறைந்து அஞ்சல் போக்குவரத்து நின்றுவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு டெண்டருக்கு விலைப்பட்டியல் போய்ச் சேர வேண்டும். குப்பையை அழிக்க ரூட்டாக வேண்டும். ரூட் என்று அடித்து, பாஸ்வேர்ட் கொடுத்தால், நூலகக் கோப்பைக் காணோம் என்று ஒரு வரி மின்னி மறைந்து மறுபடி லாகின் கேட்கிறது. நிர்வாகிகளில் மூன்று பேருக்குச் சொந்தக் கணக்கிலும் பேஷ்தான். அவர்களும் உள்ளே நுழைய முடியவில்லை. இயந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பலாம் என்றால், அதே இயந்திரத்தில் கணக்குப் பிரிவின் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; பாதியில் நிறுத்த அவர்கள் சம்மதிக்கவில்லை.

காப்பாற்றியது ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த எங்கள் மூத்த ஆபரேட்டர். "என்ன சார், இன்னும் அந்தக் காலத்துச் சிப்பிதானா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். "எனக்கு இது போதும்ப்பா" என்பார். அவர் சி ஷெல்லை மாற்றவே இல்லை, அதனால் அவரால் மட்டும் உள்ளே போக முடிந்தது. ரூட்டாக மாற 'சு' என்ற கட்டளை உண்டு. சும்மா அதை அடித்தால் ரூட்டின் ஷெல்தான் கிளம்பும், கிளம்பிய வேகத்தில் விழும். ஆனால் அதோடு கோடு போட்டு 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்தால், ரூட்டின் ஷெல் வேண்டாம், என் ஷெல்லே இருக்கட்டும், அதிகாரத்தை மட்டும் கொடு என்று அர்த்தம். பெரியவர் அதை அடித்தார், பாஸ்வேர்ட் கொடுத்தார், ரூட் ஆனார். முதல் வேலையாக ரூட்டின் ஷெல்லைப் பழையபடி மாற்றினார். அப்புறம்தான் டிஸ்க் குப்பையைக் கவனித்தார். ஐந்து நிமிட வேலை. பையன்கள் அன்றிலிருந்து சிப்பியைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கதையில் டிஸ்க் பிரிவு எல்லாம் ஏறித்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பேஷ் புரோகிராமும் அதன் இடத்திலேயே இருந்தது. பழைய காலத்தில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு வரும். எண்பதுகளின் கடைசியிலிருந்து, பல புரோகிராமுக்கும் பொதுவானதை ஒரே நூலகத்தில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது. இடமும் நினைவகமும் மிச்சம். ஆனால் நூலகம் போனால் அதை நம்பியவை எல்லாம் கூடவே போகும். அதனால் சன் கம்பெனியின் சோலாரிஸில் ரூட்டுக்கென்று சொந்த மூட்டையோடு ஒரு போர்ன் ஷெல்லைத் தனி டைரக்டரியில் வெகுகாலம் வைத்திருந்தார்கள். ரூட்டின் ஷெல்லை மாற்றாதே என்பது சோலாரிஸ் ஆட்களுக்குப் பாலபாடம். 2004 ஜனவரியில் வந்த ஃப்ரீ-பி.எஸ்.டி. 5.2-ல் கூடப்பிறந்த புரோகிராம்களும் பொது நூலகத்துக்கு மாறின. அப்போது 'ரெஸ்க்யூ' என்று ஒரு டைரக்டரி சேர்த்தார்கள். ஷெல், டிஸ்க் சரிபார்ப்பு, கோப்பு நகல் என்று அவசரத்துக்கு வேண்டிய அத்தனையும் ஒரே புரோகிராமாகக் கட்டி, பல பெயர்களில் அங்கே வைத்திருக்கிறார்கள். அது யாரையும் நம்பி இல்லை.

லினக்ஸ் பக்கம் கதை வேறு மாதிரி. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய கெர்னலைப் பற்றி உலகத்துக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே பேஷ் ஓடுகிறது என்று சொல்லியிருந்தார். அங்கே பேஷ் வெளியாள் அல்ல, கூடவே வளர்ந்த பிள்ளை. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ரூட்டின் ஷெல்லும் அதுவே. பல வகைகளில் போர்ன் ஷெல்லின் பெயரில் நின்றதும் அதுவே. அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பும்போது சில தகவல்களைச் சீட்டெழுதிக் கொடுத்தனுப்பும். அந்தச் சீட்டில் தந்திரமாக எதையாவது எழுதினால் பேஷ் அதைக் கட்டளையாகவே எடுத்துச் செய்துவிடும் என்பதை 2014 செப்டம்பரில் ஸ்தெஃபான் ஷாஸெலா கண்டுபிடித்தார். ஷெல்ஷாக் என்று பெயர் வைத்தார்கள். 1989 முதல் அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கிறது. கால் நூற்றாண்டு! உபுண்டுவும் டெபியனும் அதற்குச் சில வருடம் முன்பே போர்ன் ஷெல்லின் பெயரில் டேஷ் என்ற சின்ன ஷெல்லை வைத்திருந்ததால் அங்கே அடி கொஞ்சம் குறைவு. டேஷை அவர்கள் எடுத்தது இயந்திரம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக. பாதுகாப்பு கூடுதல் லாபமாக வந்தது.

உபுண்டு இன்னொரு படி மேலே போனது. 2004-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ரூட்டின் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டது. அதிகாரம் வேண்டுமா, 'சூடோ' என்ற கட்டளை மூலம் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கு. சூடோ 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, அதன் காலம் இப்போது வந்தது. ரூட்டாக யாரும் உட்காருவதே இல்லை என்றால் ரூட்டின் ஷெல் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சூடோவுக்கு முன்னால் உங்கள் ஷெல் ஓட வேண்டுமே அப்பா என்பது என் பதில்.

ஃப்ரீ-பி.எஸ்.டி. கடைசியில் என்ன செய்தது? 2000-ல் சி ஷெல் இருந்த இடத்தில் டி-சி ஷெல்லை வைத்தது. 2023 நவம்பரில் வந்த 14-ம் பதிப்பில் ரூட்டை போர்ன் வகை ஷெல்லுக்கே மாற்றிவிட்டது. பெர்க்லி காலத்திலிருந்து வந்த வழக்கம் அத்தோடு முடிந்தது. கென்னத் ஆல்ம்க்விஸ்ட் 1989-ல் எழுதிய, டேஷுக்கும் மூலமான ஷெல் அது. பல வருடமாக அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பம் செய்து, பழைய கட்டளைகளை ஞாபகம் வைக்கவும், பாதிப் பெயரை முடித்துக் கொடுக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உழைப்பாளிக்குப் பேசவும் வந்துவிட்டதால், பேச்சுக்கென்று தனி ஆள் வேண்டியிருக்கவில்லை. சிப்பிக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் முடிவு சரி. இயந்திரம் எழுந்திருக்கும் சடங்கு முழுவதும் அந்த ஷெல்லில்தான் நடக்கிறது. அது கெட்டால் இயந்திரமே எழுந்திருக்காது. ஆகவே இயந்திரம் எழுந்து நிற்கிறதென்றால் ரூட்டின் ஷெல்லும் இருக்கிறது. இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறு எந்த ஷெல்லுக்கும் கொடுக்க முடியாது. ஆப்பிள்கூட 2019-ல் பயனாளர்களை இசட் ஷெல்லுக்கு மாற்றியபோது ரூட்டைப் பழைய போர்ன் பெயரிலேயே விட்டுவைத்தது.

இப்போதும் வீட்டில் ஒரு பழைய கணினியில் ஃப்ரீ-பி.எஸ்.டி. வைத்திருக்கும் ஆசாமி என்ற முறையில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். ரூட்டின் ஷெல்லைத் தொடுவதில்லை. டூருக்கு நீளமான ஒரு பாஸ்வேர்ட் கொடுத்து அவருக்கு பேஷ் வைத்திருக்கிறேன். பூஜ்யம் எண்ணில் இரண்டு பேர் இருந்தால் பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சில அலுவலகங்களில் டூரின் வரியையே எடுத்துவிடச் சொல்வார்கள். அங்கே 'சு' கட்டளையோடு 'எம்' சேர்ப்பதே போதும். பட்டியல் கோப்பைத் திருத்த வேண்டியிருந்தால் நேரடியாகத் திறப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் 'வி.ஐ.பி.டபிள்யூ.' கட்டளைதான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தாமல் பார்த்துக்கொள்ளும், வரி தப்பாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. ரூட் கட்டளைகளைத் தேடும் பாதையில் 'இப்போது நிற்கும் டைரக்டரி' என்பதைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி இருக்கக்கூடாது. யாராவது வழக்கமான கட்டளையின் பெயரில் பொல்லாத புரோகிராம் ஒன்றை அங்கே போட்டு வைத்திருந்தால், ரூட்டின் அதிகாரத்தோடு அது ஓடிவிடும். எண் குறிக்கு முன்னால் இயந்திரத்தின் பெயரும் தெரியும்படி வைத்திருக்கிறேன். இரண்டு சன்னல் திறந்திருக்கும்போது எந்த வீட்டில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

ஷெல்லில் எந்த மாற்றம் செய்தாலும் செய்த சன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சன்னலில் புதிதாக லாகின் செய்து பார்ப்பேன். அங்கே எண் குறி வந்த பிறகுதான் முதல் சன்னலை மூடுவது. பதிப்பு மாற்றும் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை ஒருமுறை ஒற்றையாள் நிலையில் கிளப்பிப் பார்க்கிறேன். எந்த ஷெல் வேண்டும், முழுப் பாதையை எழுது, இல்லாவிட்டால் என்டரைத் தட்டு, போர்ன் ஷெல்லையே தருகிறேன் என்று அது கேட்கும். இதுவரை என்டரைத்தான் தட்டியிருக்கிறேன்.